ஸ்பீக்கரில் உறுமும் மின்சாரம்

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் நிற்காமல் கேட்கும் ஒலி இரண்டு வகை. ‘ம்ம்ம்’ என்று தாழ்ந்த சுருதியில் நீளும் உறுமல் ஒன்று. மெக்கானிக்குகள் ‘ஹம்’ என்று சொல்வது இதைத்தான். ‘ஜ்ஜ்ஜ்’ என்று காதை அறுக்கும் இரைச்சல் இன்னொன்று. இரண்டுக்கும் மூலம் வீட்டுக்கு வரும் மின்சாரம். இந்தியாவில் அது 230 வோல்ட். நொடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸ் அலை கேபிள் வழியாகவோ எர்த் வழியாகவோ நேராக நுழைந்தால் அடித்தொண்டை உறுமலாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் பவர் சப்ளை அலையின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புவதால், அங்கே பழுது இருந்தால் வருவது 100 ஹெர்ட்ஸ். அலை கூராக வெட்டப்படும் இடங்களில் அதன் பல மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்துகொள்கின்றன, அதுதான் இரைச்சல்.

சத்தம் கேட்டதும் புது கேபிள் வாங்குவதும், ஆம்ப்ளிஃபையரைப் பழுதுபார்க்கக் கொடுப்பதும் வழக்கம். பெரும்பாலான வீடுகளில் இரண்டுமே வீண் செலவு. கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நன்றாகத்தான் இருக்கும். அவற்றை ஒன்றோடொன்று இணைத்த விதத்தில்தான் கோளாறு. எனவே எதையும் வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முதலில், சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலிருந்தே வருகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில்தான் என்றால், வால்யூமைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். வால்யூமோடு சேர்ந்து சத்தமும் ஏறி இறங்கினால், அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்னால் இருக்கும் பகுதியில், அதாவது டிவி, கம்ப்யூட்டர், ரெக்கார்டு பிளேயர் அல்லது அவற்றின் கேபிள்களில் நுழைகிறது. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தும் மாறாமல் இருந்தால் பவர் சப்ளையையோ, தனி பிளக் உள்ள சப்வூஃபரையோ சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, ஆம்ப்ளிஃபையருக்குள் வரும் எல்லாக் கேபிள்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்க வேண்டும். எதை மாட்டியதும் உறுமல் தொடங்குகிறதோ அந்த வழிதான் குற்றவாளி. ஒவ்வொரு முறையும் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் முன் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுவது அவசியம். ஆடியோ கேபிள் முனையிலுள்ள ஆர்சிஏ பின்னில் நடுக்கம்பி முதலிலும் எர்த் வளையம் பிறகும் தொடுவதால், ஆன் நிலையில் செருகினால் எழும் பேரிரைச்சல் ஸ்பீக்கரையே கெடுத்துவிடக்கூடும்.

இப்படித் தேடும்போது மிக அதிகமாகப் பிடிபடுவது எர்த் லூப். ஆம்ப்ளிஃபையர் ஒரு சுவரிலும் கம்ப்யூட்டர் இன்னொரு சுவரிலும் த்ரீ பின் பிளக்கில் செருகப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் உலோகக் கூடுகளும் வீட்டு வயரிங்கின் எர்த் கம்பி வழியாக ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. ஆர்சிஏ கேபிளை மாட்டியதும் அதன் வெளிப்பின்னல் இரண்டாவது இணைப்பாகிவிடுகிறது. ஒரு வளையம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடத் தொடங்குகிறது. சிக்னல் திரும்பிச் செல்லவும் அதே வெளிப்பின்னல்தான் பாதை என்பதால், அந்த ஓட்டம் அதில் உண்டாக்கும் சிறு மின்னழுத்தம் பாட்டோடு கலந்துவிடுகிறது. சிடி பிளேயர் தரும் சிக்னல் அதிகபட்சம் சுமார் 2 வோல்ட். அதில் 2 மில்லிவோல்ட் உறுமல் கலந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையிலான அமைதியில் அது தெளிவாகக் கேட்கும்.

லேப்டாப்பில் இதைச் சோதிப்பது எளிது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் உறுமல் நின்றுவிடும். தெருவிலிருந்து வரும் கேபிள் டிவி வயரும் இப்படித்தான் வளையத்தை மூடுகிறது. அதன் வெளிப்பின்னலுக்கு வேறெங்கோ ஓர் எர்த் இருக்கும். செட்டாப் பாக்ஸ், டிவி வழியாக அது ஆம்ப்ளிஃபையர் வரை வந்துவிடும். சுவரிலிருந்து வரும் அந்த வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றியதும் சத்தம் அடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒரு காரியம் உயிருக்கே ஆபத்தானது. ஆம்ப்ளிஃபையர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவார்கள், அல்லது டூ பின்னாக மாற்றிச் செருகுவார்கள். வளையம் அறுவதால் உறுமல் நிற்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு வயர் கழன்று உலோகக் கூட்டைத் தொட்டால், 230 வோல்ட்டும் தொடுபவர் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகும். ஓர் உறுமலுக்காக இதைச் செய்யவே கூடாது. எர்த்தைத் தொடாமலேயே வளையத்தை உடைக்க வழிகள் உண்டு.

இணைந்த கருவிகள் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது காசில்லாத வழி. எர்த் பாதை குறுகி, வளையத்தின் பரப்பும் சுருங்குவதால் பல வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும். டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே ஆப்டிகல் கேபிள் போடுவது இன்னும் உறுதியானது. அதில் செல்வது ஒளி, மின்சாரம் கடக்கவே வழியில்லை. ஆனால் அதே இரு கருவிகளுக்கு இடையே எச்டிஎம்ஐ கேபிளையும் விட்டுவைத்தால் வளையம் அப்படியே இருக்கும். ஆர்சிஏ வழியில் சிறு ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். மலிவானவை பேஸ் ஒலியை மெலிய வைத்துவிடும். கேபிள் டிவி வயருக்கென்றும் தனி ஐசொலேட்டர் உண்டு. டிடிஎச் டிஷ்ஷுக்கு அது உதவாது. மாடியில் இருக்கும் டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு மின்சாரம் அதே வயர் வழியாகத்தான் மேலே போகிறது.

எர்த் லூப்புக்கு நேர்மாறான கோளாறும் நம் ஊர் வீடுகளில் அதிகம். சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், ஆனால் எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பகுதியில் கை வைத்ததும் உறுமல் குறைந்தால், அல்லது விரலில் லேசாகச் சுரீர் என்றால், இதுதான் காரணமாக இருக்கக்கூடும். இதை எலக்ட்ரீஷியனை அழைத்து முறையாகச் சோதித்துச் சரிசெய்ய வேண்டும். ஆடியோவை விடக் குளியலறை ஹீட்டருக்கு அந்தக் கம்பி அவசரமாகத் தேவை.

ரெக்கார்டு பிளேயருக்குத் தனி கவனம் வேண்டும். சாதாரண கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் அளவுதான். போதாததற்கு, அதைப் பெருக்கும் ஃபோனோ பகுதி 50 ஹெர்ட்ஸை நடு சுருதிகளை விட சுமார் 7 மடங்கு உயர்த்துகிறது. பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்ப்ளிஃபையரின் ஜிஎன்டி திருகில் மாட்டாவிட்டால் உறுமல் நிச்சயம். மாட்டியும் நிற்காமல், ஊசிக்கை நகர நகரச் சத்தம் மாறினால், பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம்தான் காரணம். பிளேயரைத் தள்ளி வைத்தால் போதும்.

‘ஜ்ஜ்ஜ்’ இரைச்சலுக்குப் பெரும்பாலும் ஆடியோ கருவிகள் காரணமல்ல. லைட் டிம்மரும் திருகு வகை எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் நொடிக்கு 100 முறை மின்னலையை வெட்டுகின்றன. ரெகுலேட்டரைத் திருப்பும்போது இரைச்சல் மாறினால் அதுவே சாட்சி. கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் வகை ரெகுலேட்டர் அலையை வெட்டுவதில்லை, மாற்றிவிடலாம். கரண்ட் போனபோது மட்டும் இரைச்சல் வந்தால், வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. மின்வயரும் சிக்னல் கேபிளும் ஒட்டியே ஓடக்கூடாது. குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும்.

உள்ளே வரும் எல்லா சிக்னல் கேபிளையும் கழற்றிய பிறகும், வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும், ஸ்பீக்கர் உறுமினால் அப்போதுதான் பழுது ஆம்ப்ளிஃபையருக்குள்ளே. பழைய கருவிகளில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் உலர்ந்து, 100 ஹெர்ட்ஸை வடிகட்ட முடியாமல் போகின்றன. சிலவற்றில் மேல்முனை உப்பியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கக்கூடாது. ஸ்பீக்கர் அமைதியாக இருந்து பெட்டி மட்டும் உறுமினால், அது ட்ரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. ஒலித்தரத்தை அது கெடுப்பதில்லை. தளர்ந்த திருகை மெக்கானிக் இறுக்கினாலோ, அடியில் ரப்பர் வாஷர் வைத்தாலோ குறையும்.

புது வீட்டுக்கு வயரிங் செய்பவர்கள் டிவி, ஆம்ப்ளிஃபையர், கம்ப்யூட்டருக்கான பிளக் பாயிண்டுகளை ஒரே சர்க்யூட்டில், ஒரே சுவரில் அமைக்கச் சொல்வது நல்லது. சிக்னல் கேபிளுக்கும் மின்வயருக்கும் தனித்தனிப் பைப் போடச் சொல்ல வேண்டும். சுவர் பூசிய பிறகு இதைச் செய்ய, உடைத்துத்தான் ஆக வேண்டும்.