வால்மீன் தேடிய பள்ளியாசிரியர்

1997ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் பணியேற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மாலை மங்கியபின், வடமேற்கு வானின் அடியில், ரப்பர் மரங்களின் தலைக்குமேல் ஹேல்-பாப் என்னும் வால்மீன் தெரிந்தது. தோட்டத்து மக்கள் திடலில் கூடி நின்று பார்த்தனர். "வால்நட்சத்திரம் தோன்றினால் நாட்டுக்கு ஆகாது" என்றார் ஒரு பாட்டி. அப்போது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என் கையைப் பற்றி, "சார், இதை முதலில் பார்த்தவர் யார்?" என்று கேட்டான்.

வால்மீன் எதனால் ஆனது, வால் ஏன் நீள்கிறது என்று அவன் கேட்டிருந்தால் விடை சொல்லியிருப்பேன். முதலில் பார்த்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது. "பெரிய விஞ்ஞானிகள் பெரிய கருவி வைத்துப் பார்த்திருப்பார்கள்" என்று சொல்லி வைத்தேன். அவனும் நம்பிவிட்டான்.

அந்த விடை தவறு என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். மாணவனுக்குச் சொன்ன தவறான விடை ஆசிரியன் மனத்தில் முள்ளாய்த் தங்கிவிடும் என்பதை இதனைப் படிக்கும் ஆசிரியர் அறிவர். காலங்கடந்தேனும் அதனைத் திருத்த எழுதுவதே இக்கட்டுரை.

நண்பரின் தொலைநோக்கி

1995ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஓரிரவு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆலன் ஹேல் என்பவர் தம் வீட்டு முற்றத்திலிருந்து வானை நோக்கிக் கொண்டிருந்தார். அவர் வானியல் பயின்ற அறிஞர். அதே இரவு அரிசோனா மாநிலத்தின் பாலைவெளியில் தாமஸ் பாப் என்பவர் நண்பர்களோடு நின்றிருந்தார். இவர் கட்டுமானப் பொருள் தொழிலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். இவருக்குச் சொந்தத் தொலைநோக்கிகூட இல்லை. நண்பருடையதில் கண் வைத்துப் பார்த்தார். இருவரும் தனித்தனியே ஒரு விண்மீன் திரளைப் பார்க்கையில், அதனருகே இருக்கக்கூடாத ஒரு மங்கல் ஒளியைக் கண்டனர். ஹேல் மின்னஞ்சல் விடுத்தார்; பாப் தந்தி அடித்தார். வால்மீனுக்கு இருவர் பெயரும் அமைந்தது.

இவ்வாறு வீட்டு முற்றத்திலும் வயல்வெளியிலும் நின்று வால்மீன் கண்டவர் பலர். அவர்களுள் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரும் உண்டு. அவரை அறியுமுன், வால்மீன் யாதென்பதையும் அதனைத் தேடும் முறையையும் சுருக்கமாகக் காண்போம்.

வால்மீன் யாது?

வால்மீன் என்பது பனிக்கட்டியும் தூசியும் கலந்த ஓர் உருண்டை. அதன் கரு பெரும்பாலும் சில கிலோமீட்டர் அளவே இருக்கும். ஹேலியின் வால்மீனை 1986இல் அணுகிய ஜியோட்டோ விண்கலம், அதன் கரு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுள்ளது என்றும், கரியினும் கருமையானது என்றும் காட்டியது. ஞாயிற்றை நெருங்குகையில் பனி ஆவியாகித் தூசியை உடன் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. கருவைச் சூழ்ந்த இந்தப் புகைப்படலமே தலை. ஞாயிற்றின் ஒளியும், அதனின்று வீசும் துகட்காற்றும் படலத்தைப் பின்னே தள்ள, அது வாலாகிறது. ஆகவே வால் எப்போதும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமே நீளும். இதனை 1531இலேயே பீட்டர் ஏப்பியன் என்னும் ஜெர்மானியர் குறித்து வைத்தார்.

புகை போன்ற இத்தோற்றத்தை நம் முன்னோரும் கண்டனர். புறநானூற்றில் பாரியின் நாட்டைப் பாடும் கபிலர் 'தூமம்' என்றது வால்மீனையே என்பர். தீய குறிகள் தோன்றினும் செங்கோலன் நாட்டில் வளங்குன்றாது என்பது அவர் கருத்து. பாட்டிக்கு அன்று இதையாவது சொல்லியிருக்கலாம்.

சிறு கருவியின் பெருமை

மலையுச்சியில் மாபெரும் தொலைநோக்கிகள் இருக்க, எளிய கருவிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பெருந்தொலைநோக்கி வானின் மிகச் சிறிய துண்டை மட்டுமே ஒரு நேரத்தில் காட்டும். ஊசித் துளை வழியே திடலைப் பார்ப்பது போன்றது அது. ஏழு மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீட்டர் வில்லையும் உடைய பைனாக்குலரோ ஏறத்தாழ ஏழு பாகை அகலத்தைக் காட்டும். முழு நிலவு அரைப்பாகையே ஆதலால், பதினான்கு நிலவுகளை வரிசையாக வைத்த அகலம் அது. மேலும் வால்மீனின் ஒளி பரவலானது. பெருக்கம் கூடக்கூட அவ்வொளி மேலும் பரந்து வெளிறிவிடும். குறைந்த பெருக்கத்தில் அது திரண்டு கண்ணுக்குப் புலப்படும்.

தேடும் நேரமும் இடமும் முக்கியம். ஞாயிற்றை அண்மும்போதே வால்மீன் ஒளி மிகும். ஆதலின் மாலையில் ஞாயிறு மறைந்து இருட்டியபின் மேற்கிலும், விடியுமுன் கிழக்கிலும், அடிவானத்தையொட்டித் தேடுவர். நிலவில்லா நாட்கள் ஏற்றவை. இருளில் அரைமணி நேரம் நின்றால்தான் கண் முழுமையாகப் பழகும். பிறகு வயலில் ஏர் ஓட்டுவதுபோல், இடமிருந்து வலமாக ஒரு சால், சற்று மேலே இன்னொரு சால் என்று பொறுமையாகப் பார்த்துச் செல்வர். மங்கலான பொருளை நேரே நோக்காமல் சற்று ஓரமாக நோக்கினால் தெளிவாகத் தெரியும். மங்கிய ஒளியை உணரும் நுண்ணணுக்கள் கண்ணின் நடுப்பகுதியைவிடச் சுற்றுப்பகுதியில் மிகுதி.

புகைபோல் ஒன்று தெரிந்துவிட்டால் உடனே கூத்தாடுவதற்கில்லை. வானில் விண்மீன் திரள்களும் வாயு முகில்களும் அண்டங்களும் அவ்வாறே தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் வால்மீன் தேடிய சார்ல் மெசியே, இப்பொருள்களால் ஏமாறாதிருக்கவே ஒரு பட்டியல் வகுத்தார். 1781இல் முற்றுப்பெற்ற அப்பட்டியலில் 103 பொருள்கள் இருந்தன. வால்மீனென்று ஐயுற்ற பொருள் பட்டியலிலும் வரைபடத்திலும் இல்லையெனில், ஓரிரு மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். பின்னணி விண்மீன்களிடையே அது நகர்ந்திருந்தால் பெரும்பாலும் வால்மீனே.

முப்பதாயிரம் விண்மீன்கள்

இனி நம் ஆசிரியரைப் பார்ப்போம். அவர் பெயர் ஜார்ஜ் ஆல்காக். 1912இல் பிறந்தவர். இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரை அடுத்த ஃபார்செட் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, சிறுவர் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். வானியலில் பட்டம் பெற்றவரல்லர். வானாய்வு நிலையத்தில் பணியாற்றியவருமல்லர். 1953இல் வால்மீன் தேடுவதென்று முடிவு செய்து முறையாகத் தொடங்கினார்.

இங்கிலாந்தின் வானம் பெரும்பாலும் முகில் மூடியது. 1894ஆம் ஆண்டுக்குப்பின் அந்நாட்டிலிருந்து ஒருவரும் புது வால்மீன் கண்டதில்லை. ஆல்காக்கிற்கும் ஓராண்டு, ஈராண்டு என ஆறாண்டுகள் ஒன்றும் கிட்டவில்லை. ஆறாண்டுகள் பயனின்றித் தேடுவதென்றால் எத்தகைய உறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்! 1959 ஆகஸ்டு 25ஆம் நாள் அவர் முதல் வால்மீனைக் கண்டார். ஐந்தே நாட்களில், ஆகஸ்டு 30ஆம் நாள், இரண்டாவதையும் கண்டார்.

இது நற்பேறு மட்டுமன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் ஓர் அரிய பயிற்சியை மேற்கொண்டிருந்தார். பைனாக்குலரில் தெரியும் விண்மீன்களின் அமைப்பை, ஏறத்தாழ 30,000 விண்மீன்களை, நெஞ்சில் பதித்துக்கொண்டார். வரைபடத்தைப் புரட்ட வேண்டியதில்லை. பழகிய வகுப்பறைக்குள் நுழையும் ஆசிரியர், பெயர்ப் பட்டியலைப் பாராமலே புது மாணவனைக் கண்டுகொள்வதில்லையா? அதுபோலவே அவர் கண்ணுக்கு அயலான் எவன் என்பது உடனே புலப்பட்டது. இந்நினைவின் துணையால் ஐந்து வால்மீன்களையும், திடீரென்று ஒளி பெருகும் 'நோவா' எனப்படும் விண்மீன்கள் ஐந்தையும் அவர் கண்டறிந்தார்.

1983 மே 3ஆம் நாள் நடந்தது இன்னும் வியப்பானது. அப்போது அவர் ஓய்வுபெற்றுவிட்ட எழுபது வயது முதியவர். வீட்டினுள் இருந்தவாறே, மூடிய கண்ணாடிச் சன்னல் வழியாகப் பைனாக்குலரில் நோக்கி ஒரு வால்மீனைக் கண்டார். ஐராஸ் என்னும் செயற்கைக்கோள் சில நாட்களுக்கு முன்பும், ஜப்பானியரான அராக்கி சில மணி நேரத்துக்கு முன்பும் அதனைக் கண்டிருந்தனர். எனவே அது ஐராஸ்-அராக்கி-ஆல்காக் எனப் பெயர் பெற்றது. விண்ணில் சுழலும் கருவியின் பெயரோடு சன்னலருகே இருந்த ஆசிரியரின் பெயரும் சேர்ந்து நிற்கிறது! மே 11ஆம் நாள் அது புவியிலிருந்து 47 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. 1770க்குப் பின் இவ்வளவு நெருங்கி வந்ததாக அதுகாறும் அறியப்பட்ட வால்மீன் வேறில்லை. 1991இல், 78ஆம் வயதில், ஆல்காக் தம் இறுதி நோவாவைக் கண்டார். 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஏழைச் சிறுவரும் உழைப்பாளரும்

ஆல்காக்கைப் போன்ற எளியோர் வேறு நாடுகளிலும் இருந்தனர். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் பண்ணைக் குடும்பத்துச் சிறுவன் லெஸ்லி பெல்டியர், குவார்ட் ஒன்றுக்கு 2 சென்ட் கூலியில் 900 குவார்ட் ஸ்ட்ராபெரிப் பழம் பறித்து, அந்த 18 டாலரில் தன் முதல் தொலைநோக்கியை வாங்கினான். வளர்ந்தபின் பன்னிரண்டு வால்மீன்கள் அவர் கண்ணில் பட்டன.

ஜப்பானில் பியானோ தொழிற்சாலையில் வேலை செய்த காவோரு இக்கேயா, தாமே ஆடி தேய்த்துச் செய்த தொலைநோக்கியால் 1963 ஜனவரியில் வால்மீன் கண்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. 1965 செப்டம்பரில் ஒரே விடியலில் அவரும், கிதார் ஆசிரியரான செக்கியும் தனித்தனியே கண்ட வால்மீன், அக்டோபரில் ஞாயிற்றையொட்டிச் செல்கையில் பகலிலேயே தெரிந்தது. அதே நாட்டின் யூஜி ஹியாகுடாக்கே 1996 ஜனவரி இறுதியில் பெரிய பைனாக்குலர் கொண்டு கண்ட வால்மீன், இரண்டே மாதங்களில் புவியிலிருந்து ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்து வானையே அழகுசெய்தது. அதன் வால் 50 கோடி கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்ததை யுலிசிஸ் விண்கலம் பின்னர் உணர்த்தியது.

இயந்திரம் வந்தபின்

இன்று நிலைமை மாறிவிட்டது என்பதை மறைக்கலாகாது. ஹவாய்த் தீவுகள் முதலிய இடங்களில் தானியங்கித் தொலைநோக்கிகள் இரவுதோறும் வானைப் படமெடுக்கின்றன. கணினி ஒப்பிட்டு நகரும் பொருளைக் காட்டிவிடுகிறது. புது வால்மீன்களில் பெரும்பகுதியை இவையே பிடிக்கின்றன. கண்ணால் மட்டும் தேடிக் கண்டுபிடிப்பது மிக அரிதாகிவிட்டது.

ஆயினும் கதவு முற்றும் மூடவில்லை. 2019 ஆகஸ்டில் கிரிமியாவில் கென்னடி பொரிசோவ், தாமே செய்த 65 செண்டிமீட்டர் தொலைநோக்கியால் ஒரு வால்மீனைக் கண்டார். அது நம் ஞாயிற்றுக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அவ்வாறு வந்த வால்மீன்களுள் முதன்முதலாக அறியப்பட்டது அதுவே. 2023 ஆகஸ்டில் ஜப்பானின் நிஷிமுரா, சாதாரண ஒளிப்படக் கருவியால் விடியற்கால வானில் ஒன்றைக் கண்டார். ஞாயிற்றுக்கு அண்மையிலுள்ள வானை இயந்திரங்கள் குறைவாகவே பார்க்கின்றன.

கண்டுபிடித்தலோடு வேலை முடிவதுமில்லை. வால்மீனின் ஒளியை இரவுதோறும் மதிப்பிட்டுக் குறிப்பதும் தொண்டே. அதற்கொரு எளிய முறை உண்டு. வால்மீன் எவ்வளவு பரந்து, எவ்வளவு ஒளியுடன் தெரிகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பிறகு ஒளியளவு தெரிந்த விண்மீன் ஒன்றைப் பைனாக்குலரில் பார்த்து, குவியத்தைத் தளர்த்தி, அதே அளவுக்குப் பரவச் செய்து ஒப்பிட வேண்டும். இத்தகைய குறிப்புகள் பல நாடுகளிலிருந்தும் சேரும்போது, வால்மீன் எப்போது பொங்கிற்று, எப்போது அடங்கிற்று என்பது தெளிவாகிறது. 1986இல் ஹேலியின் வால்மீன் வந்தபோது, உலகளாவிய ஆய்வுத் திட்டத்தில் ஆர்வலர்க்கென்றே ஒரு பிரிவு அமைத்திருந்தனர்.

நம் வகுப்பறைக்கு

மனப்பாடம் வேண்டாம், புரிந்து கற்பதே போதும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொன்னார்கள். பொருளறியாது ஒப்பிப்பதைத்தான் அவர்கள் கண்டித்தார்கள், அது சரியே. ஆனால் ஆல்காக்கின் வாழ்வு அதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 30,000 விண்மீன்களை நெஞ்சில் வைத்திராவிட்டால் முப்பதாயிரத்து ஓராவது ஒளியை அவர் கண்டிருக்க மாட்டார். பழையதை ஐயமற அறிந்தவன் கண்ணுக்கே புதியது புலப்படும். செய்யுளை நெஞ்சிற் பதித்த மாணவனே பாடவேறுபாட்டைக் கண்டு வினவுகிறான். வாய்பாடு அறிந்தவனே கணக்கில் நேர்ந்த பிழையை உணர்கிறான். வானமும் அத்தகைய பாடநூலே.

தோட்டப்பள்ளியில் ஆய்வுக்கூடம் சிறிது, உண்மைதான். ஆனால் நகரத்தாருக்கு வாய்க்காத இருள் தோட்டங்கள் பலவற்றில் இன்னும் உண்டு. நிலநடுக்கோட்டை அண்மி வாழும் நாம் வடபுலத்தின் எழுமீனையும் தென்புலத்தின் சிலுவை மீன்குழுவையும் ஒருசேரக் காணும் பேறுடையோம். ஒரு பைனாக்குலரும் ஒரு குறிப்பேடும் போதும். மாதம் ஒரு மீன்குழுவை மாணவர் மனத்தில் பதியவைத்தால், ஆண்டில் பன்னிரண்டு ஆகும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஞாயிறு அடிவானுக்கு மேல் இருக்கையில் அப்பக்கம் பைனாக்குலரைத் திருப்பவே கூடாது, கண் நொடியில் கெட்டுவிடும்.

ஹேலியின் வால்மீன் மீண்டும் 2061இல் வரும். இன்று நம் முதலாம் ஆண்டு வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது நாற்பது வயதைக் கடந்திருப்பர். அன்று என் கையைப் பற்றிய மாணவன் இன்று எங்கிருக்கிறானோ! இதைப் படித்தால் அவன் விடையைத் திருத்திக்கொள்ளட்டும்: தம்பி, அதை முதலில் பார்த்த இருவருள் ஒருவர், சொந்தக் கருவிகூட இல்லாமல் நண்பரோடு வானம் பார்க்கப் போனவர்.