மிஷின் பில் போட்டாலும் பக்கத்தில் ஆள் வேண்டும்



டவுனில் டிபார்ட்மெண்ட் ஸ்டோருக்குப் போயிருப்பீங்க. சாமான்களை நாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிறோம். கடைசியில் பில் போடும் பெண்ணிடம் கொடுக்கிறோம். அந்தப் பெண்ணும் இல்லை, பில்லையும் நீங்களே போட்டுக்கோங்க என்று சொன்னால் எப்படி இருக்கும்? வெளிநாடுகளில் இது பல வருஷமாக நடக்கிறது. சென்னை போன்ற நகரங்களிலும் ஒரு சில பெரிய கடைகளில் வந்துவிட்டது. நம் குழுப் பெண்களின் பிள்ளைகள் பலர் கடைகளில்தான் வேலை பார்க்கிறார்கள். அதனால் இதைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இது எப்படி வேலை செய்கிறது?

சோப்பு, பிஸ்கட் பாக்கெட்டின் மேல் கறுப்புக் கோடுகள் இருக்கும். அதற்கு பார்கோடு என்று பெயர். அதை மிஷினில் காட்டினால் விலை திரையில் வரும். எல்லாவற்றையும் காட்டி முடித்து, பணம் கட்டி, பில்லை எடுத்துக்கொண்டு போகலாம். இந்த மிஷினை முதன்முதலில் 1986ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கடையில் வைத்தார்கள்.

யாருக்கு லாபம்? யாருக்குக் கஷ்டம்?

நான்கைந்து மிஷினுக்கு ஒரே ஆளை நிறுத்தினால் கடைக்காரருக்குச் சம்பளம் மிச்சம். இரண்டு சாமான் மட்டும் வாங்குகிறவர்களுக்கு வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். இது உண்மைதான்.

ஆனால் அமெரிக்காவில் பில் போடும் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த வேலை குறைகிறது. மிச்சம் இருக்கும் ஒரு பெண்ணுக்கோ பாரம் கூடுகிறது. மிஷின் நின்றுபோனால் அவர்தான் ஓட வேண்டும். வயதானவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். யாராவது காசு கொடுக்காமல் எடுத்துப் போகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பில் போடும் வேலையை வாடிக்கையாளர் சம்பளம் இல்லாமல் செய்கிறார். அதற்காக விலை குறைகிறதா? யாரு குறைக்கிறாங்க!

அரசு என்ன சட்டம் போட்டது?

கலிபோர்னியா மாநிலம் 2011ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சுயசேவை மிஷினில் மது விற்கக் கூடாது என்பதுதான் அது. வாங்குகிறவருக்கு வயது 21 ஆகிவிட்டதா என்று மனிதர்தான் நேரில் பார்க்க வேண்டும்.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2023ல் ஒரு மசோதா வந்தது. ஒரு கடையில் எட்டு மிஷினுக்கு மேல் கூடாது, பத்து அல்லது அதற்கு மேல் சாமானுக்குத் தானே பில் போடுகிறவருக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று அது கேட்டது. அது சட்டமாகவில்லை. கலிபோர்னியா முழுவதற்குமாக 2024ல் வந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

ஆனால் அதே கலிபோர்னியாவில் உள்ள லாங் பீச் நகர மன்றம் 2025 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. பெரிய மளிகைக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் அது பொருந்தும். முக்கியமானவை இவை:

1. மூன்று மிஷினுக்கு ஒரு ஊழியராவது இருக்க வேண்டும்.
2. மிஷினில் 15 பொருளுக்கு மேல் பில் போடக் கூடாது.
3. ஊழியர் பில் போடும் கவுண்டர் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும்.

தொழிற்சங்கம் இதை ஆதரித்தது. செலவு கூடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். சட்டம் வந்த பிறகு சில கடைகள் மிஷின்களையே மூடிவிட்டன. வரிசை நீண்டுபோச்சு என்று வாங்க வந்தவர்களில் சிலர் குறைப்பட்டார்கள். ஆக, சட்டம் போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஆனாலும் "மிஷின் வரட்டும், மனிதரை வெளியே தள்ளிவிட்டு வரக் கூடாது" என்று ஒரு நகரம் சொன்னது பெரிய விஷயம்.

நமக்கு என்ன இருக்கிறது?

இந்த மிஷினுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் கடைக்குப் போகும் நமக்கும், கடையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் வேறு சட்டங்கள் உண்டு. விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம் என்று 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் நம் பெண் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

* உங்கள் குழுக் குடும்பங்களில் எத்தனை பேர் கடை வேலைக்குப் போகிறார்கள்? அவர்களுக்கு உட்கார இருக்கை இருக்கிறதா?
* சாமான் வாங்கினால் பில் கேட்டு வாங்குகிறோமா? அதில் உள்ள விலையைச் சரிபார்க்கிறோமா?
* நம் டவுன் கடைக்கு இந்த மிஷின் வந்தால், என்ன விதி வேண்டும் என்று கேட்போம்?

பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்தில் எல்லோருமாகச் சேர்ந்து பேசுவோம்.