கண்ணாடி பிரமிடுக்கு கீழே கூட்டம் தாங்கல! பாரீஸ் மியூசியத்துக்கு புது வாசல். நம்ம ஊர்க்காரங்களுக்கு டிக்கெட் 32 யூரோ

புதுச்சேரி: பாரீசில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகள் புதுவை, காரைக்காலில் ஏராளம். அங்கிருந்து வரும் போட்டோக்களில் ஈபிள் டவருக்கு அடுத்து கட்டாயம் இருப்பது ஒரு கண்ணாடி பிரமிடு. பழைய அரண்மனைக்கு நடுவுல வைரக்கல் பதிச்ச மாதிரி மின்னும். அதுதான் லூவர் அருங்காட்சியகத்தின் வாசல். மோனாலிசா ஓவியம் இருக்கிற இடம்.

அந்த வாசல் இப்போ போதலை. இன்னொரு வாசல் திறக்கப்போகிறோம் என்று பிரான்ஸ் அரசு அறிவித்து விட்டது. அதற்கான செலவில் ஒரு பங்கு, இங்கிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா, அம்மா பாக்கெட்டில் இருந்தும் போகிறது. எப்படி?

கோட்டையாக இருந்த இடம்

லூவர் முதலில் கோட்டை. சுமார் 1190-ம் ஆண்டு மன்னர் பிலிப் அகஸ்து கட்டியது. பிறகு அரண்மனை ஆனது. பிரெஞ்சுப் புரட்சி நடந்த நேரத்தில், 1793-ல் பொதுமக்களுக்கு அருங்காட்சியகமாக திறந்து விட்டார்கள். ஆனால் முழுசா விடவில்லை. ஒரு பக்கம் முழுக்க நிதி அமைச்சக ஆபீஸ். நடுவில் இருக்கும் பெரிய முற்றத்தில் அதிகாரிகளின் கார்கள். நம்ம ஊர் அரசு ஆபீஸ் வளாகம் கணக்காகத்தான் அங்கேயும் இருந்திருக்கிறது.

வந்தவர்களுக்கு எந்த வாசலில் நுழைவது என்றே தெரியாது. பொருட்களை வைக்க இடம் இல்லை. கழிப்பறை வசதியும் போதாது.

1981-ல் ஜனாதிபதியான மித்தரான், "அரண்மனை முழுவதும் இனி மியூசியத்துக்குத்தான்" என்று அறிவித்தார். அமைச்சகத்தை வேறு இடத்துக்கு கிளப்பினார். கட்டிட வேலையை போட்டி எதுவும் வைக்காமல் ஐ.எம்.பெய் என்பவரிடம் கொடுத்தார். பெய், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்.

கொதித்த பாரீஸ்

பெய் போட்ட கணக்கு எளிமையானது. பழைய கட்டிடத்தில் கை வைக்கக் கூடாது. அதனால் முற்றத்தை தோண்டி, தரைக்கு கீழே பெரிய ஹால் கட்டு. அங்கிருந்து மூன்று பக்க கட்டிடங்களுக்கும் வழி விடு. கீழே வெளிச்சம் வேண்டுமே? அதற்கு மேலே கண்ணாடி பிரமிடு. அதாவது பிரமிடு என்பது அலங்காரம் இல்லீங்க. அதுவே கூரை, அதுவே ஜன்னல், அதுவே கதவு.

1984 ஜனவரியில் வரைபடத்தை காட்டியதும் பாரீசே கொதித்தது. பிரமிடு என்றால் எகிப்து ராஜாவை புதைத்த இடம், அதை எங்க அரண்மனை நடுவுல வைப்பதா என்று கேட்டார்கள். பத்திரிகைகள் வறுத்து எடுத்தன. கடைசியில், அப்போது பாரீஸ் மேயராக இருந்த சிராக், "அளவு எப்படி வரும் என்று நேரில் காட்டுங்கள்" என்றார். 1985 மே மாதம் அதே இடத்தில் கிரேன் நிறுத்தி, கம்பி இழுத்துக் கட்டி, பிரமிடு எவ்வளவு உயரம் வரும் என்று காட்டினார்கள். பல்லாயிரம் பேர் வந்து பார்த்தார்கள். அதன் பிறகுதான் சத்தம் அடங்கியது. திட்டத்தை காகிதத்தில் காட்டாமல் ஜனங்கள் கண்ணுக்கு காட்டுவது நல்ல பழக்கம். நம்ம பக்கமும் செய்யலாம்.

673 கண்ணாடிகள்

உயரம் சுமார் 21.6 மீட்டர், ஏழு மாடி அளவு. அடிப்பக்கம் ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர். மொத்தம் 673 கண்ணாடிகள். 666 என்று ஒரு வதந்தி இன்னும் ஓடுகிறது, நம்ப வேண்டாம். சாதாரண கண்ணாடி கனமாக இருந்தால் லேசாக பச்சை அடிக்கும். அதன் வழியாக பார்த்தால் அரண்மனையின் மஞ்சள் கல்லும் பச்சையாகத் தெரியும். அதனால் வெள்ளை மணலில், நிறமே இல்லாத தனி கண்ணாடி வார்த்தார்கள். கனம் 21 மில்லி மீட்டர்.

1989 மார்ச்சில் திறப்பு விழா. அமைச்சகம் இருந்த பக்கம் 1993-ல் மியூசியமாக மாறியது. வேலையின்போது தோண்டியதில் பழைய கோட்டையின் அடித்தளம் கிடைத்தது. அதை மூடாமல் காட்சிக்கு வைத்து விட்டார்கள். பெய் 2019-ல், 102 வயதில் இறந்தார்.

கணக்கு எங்கே தப்பியது?

ஆண்டுக்கு சுமார் 40 லட்சம் பேர் வருவார்கள் என்று நினைத்து கட்டியது. 2018-ல் வந்தது 1 கோடியே 2 லட்சம் பேர். 2024-ல் 87 லட்சம். எல்லாருக்கும் முக்கியமாக அந்த ஒரே பிரமிடு வழி. வெயில் காலத்தில் கண்ணாடிக்கு கீழே வெக்கை, இரைச்சல். மோனாலிசா முன்னால் மட்டும் தினமும் சுமார் 20 ஆயிரம் பேர். 2025 ஜூன் 16-ந்தேதி, "இந்தக் கூட்டத்தை எங்களால் சமாளிக்க முடியல" என்று ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் மணிக்கணக்கில் வெளியே நின்றார்கள்.

ஜனாதிபதி மக்ரோன் 2025 ஜனவரி 28-ந்தேதியே திட்டத்தை அறிவித்து விட்டார். கிழக்கு பக்கம் புது வாசல், மோனாலிசாவுக்கு தனி ஹால், 2031-க்குள் முடிக்க இலக்கு. செலவு 70 கோடி முதல் 80 கோடி யூரோ வரை.

இதற்கிடையில் 2025 அக்டோபர் 19-ந்தேதி பட்டப்பகலில் ராஜ நகைகள் திருட்டு. திருடர்கள் பிரமிடு பக்கமே வரவில்லை. ஏணி வைத்த லாரியில் வந்து, ஆற்றுப்பக்க பால்கனியில் ஏறி, சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே குழாய் ஒழுகி எகிப்து பிரிவின் நூலகத்தில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் நனைந்தன. முதலில் ஒழுகலை அடை, காவலைப் பார், வாசல் அப்புறம் என்று கேட்பவர்கள் அங்கே நிறைய பேர். அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரே குடும்பம், ரெண்டு விலை

2026 ஜனவரி 14 முதல் டிக்கெட்டில் மாற்றம். ஐரோப்பிய பொருளாதார பகுதி நாடுகளின் குடிமக்களுக்கும், அங்கே குடியிருப்பவர்களுக்கும் 22 யூரோ. மற்றவர்களுக்கு 32 யூரோ. வித்தியாசம் 10 யூரோ, நம்ம காசுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். வரும் பணம் கட்டிட வேலைக்கு. அங்குள்ள தொழிற்சங்கங்களே இதை எதிர்த்தன.

அதாவது பாரீசில் வேலை பார்க்கும் மகனுக்கு 22. இந்திய பாஸ்போர்ட்டில் பார்க்கப் போகும் அம்மாவுக்கு 32. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்ம சொல்தா குடும்பத்தார், புதுவையிலேயே குடியிருந்தாலும் 22தான். லண்டனில் இருந்து வரும் சித்தப்பாவுக்கு 32, இங்கிலாந்து அந்தப் பகுதியில் சேராது.

18 வயதுக்கு கீழே எந்த நாட்டு பிள்ளைக்கும் இலவசம். வயதைக் காட்டும் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போகவும். டிக்கெட்டை நேரம் குறித்து முன்கூட்டியே ஆன்லைனில் எடுப்பது நல்லது. செவ்வாய்க்கிழமை மியூசியம் லீவு.