உங்களுக்குத் தெரியுமா? ஒரே வளையம், இருவேறு நைட்ரஜன்

கேமரன் மலைத் தேயிலையிலுள்ள கஃபீன் மூலக்கூறில் ஓர் ஐங்கோண வளையம் உண்டு. அதில் 2 நைட்ரஜன் அணுக்கள். ஒன்று தன் எலெக்ட்ரான் இணையை வளையத்துக்கே கொடுத்துவிடுகிறது. மற்றது தன் இணையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது!

• கொடுக்கும் நைட்ரஜனின் இணை, வளையத் தளத்துக்குச் செங்குத்தான பி-ஆர்பிட்டாலில் இருக்கிறது. அது தருவது 2 எலெக்ட்ரான். மற்ற 4 அணுக்களும் தலா 1. ஆக 6. வளையத்துக்கு அரோமாட்டிக் உறுதியைத் தருவது இந்த 6தான். எரிக் ஹூக்கல் 1931-இல் விளக்கிய இந்தக் கணக்கைவிட அழகானது வேதியியலில் அரிது.

• கொடுக்காத நைட்ரஜனின் இணை, வளையத் தளத்திலேயே வெளிப்புறம் பார்த்து நிற்கிறது. தண்ணீர் மூலக்கூறு வந்து பற்றும் இடம் அது.



• கஃபீனின் வளையங்கள் தட்டையானவை. ஆகவே தேயிலையின் பாலிபீனால்களோடு எளிதில் ஒட்டி அடுக்காகும். சாயம் தூக்கலான ‘தே ஓ’ ஆறும்போது கலங்குவது இதனால்தான். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள், சூடாக்கினால் தெளிந்துவிடும்.