மீசையும் வேடமும்

நெய்வேலியில் ஆண்மை என்றால் சுரங்கம் என்று பொருள் கொள்ளும் பழக்கம் எங்களுக்கு உண்டு. 1961ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளிப்பட்ட கதையை என் தந்தையார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். வாளிச் சக்கரம் பூட்டிய பேரியந்திரங்களை இயக்கியும், நிலக்கரிக்கு அடியிலிருந்து மேலெழ முயலும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்தும், கரிப்புழுதி படிந்த சட்டையோடு வீடு திரும்பியவர்களே எங்களுக்கு வீரர்கள். ஆதலின், சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி எனக்கு வியப்பளிக்கவில்லை.

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாரத நாடகம் ஒன்றைப் பயிற்றினேன். ஆண்பிள்ளைகள் மட்டும் பயிலும் பள்ளி. எனவே திரௌபதி வேடத்தை நல்ல குரல்வளம் உடைய அவனுக்கு அளித்தேன். “ஆண்பிள்ளை பெண் வேடம் கட்டினால் எல்லாரும் சிரிக்கமாட்டார்களா, ஐயா?” என்றான். தனியே அழைத்துப் பேசியபோது, தன் பாட்டனார் விருத்தாசலத்துப் பக்கம் தெருக்கூத்தில் திரௌபதியாக ஆடியவர் என்பதையும், அதைத் தோழர்களிடம் மறைத்து வருவதையும் சொன்னான். அந்த மறைப்புத்தான் என் நெஞ்சைத் தைத்தது.

மாணவ நண்பர்களே, அவனுக்கு நான் சொன்னது சீன நாட்டுக் கதை. மெய் லான்ஃபாங் என்பார் 1894இல் பிறந்தவர். பீகிங் இசை நாடகத்தில் பெண் வேடத்திற்கென்றே புகழ் பெற்றவர். 1930இல் அமெரிக்காவிலும் 1935இல் சோவியத் நாட்டிலும் ஆடிப் பாராட்டுப் பெற்றார். 1941இன் இறுதியில் ஹாங்காங் ஜப்பானியர் வசமாயிற்று. தம் முன் ஆடவேண்டும் என்று வென்றவர்கள் விரும்பினர். அவர் என்ன செய்தார் தெரியுமா? மீசை வளர்த்தார்! மீசை வைத்தவர் நங்கையாக ஆடுவது எங்ஙனம்? வருவாய் நின்றது, ஓவியம் தீட்டி விற்றுக் காலம் தள்ளினார். 1945இல் ஜப்பான் பணிந்த பின்னரே மீசையை மழித்து மேடை ஏறினார். பெண்ணாக ஆடியதால் அவருடைய உறுதி குன்றியதா, என்ன?

சீனர் ஆடவனுக்குரிய பண்பை ‘வென்’ என்றும் ‘வூ’ என்றும் இரண்டாகப் பகுப்பர். முன்னது கல்வியும் நயமும், பின்னது வீரம். முன்னதற்குக் கன்பூசியசும் பின்னதற்குக் குவான் யூ என்னும் படைத்தலைவரும் தெய்வமாகப் போற்றப்பட்டனர். அரசுத் தேர்வு முறை 1905இல் ஒழியும்வரை, வாளேந்தியவனைவிட ஏடேந்தியவனுக்கே பெரும்பாலும் மதிப்பு மிகுதி. காதற் கதைகளின் தலைவனும் மெலிந்த மேனிப் புலவனே.

ஜப்பானோ வாளின் நாடு என்று பெயரெடுத்தது. ஆயினும் சாமுராய்கள் இரட்டை வாள் தரித்துத் திரிந்த அதே காலத்தில்தான், 1629இல் பெண்கள் கபூகி மேடையினின்று விலக்கப்பட, ஆடவரே பெண் வேடம் பூணும் ‘ஒன்னகாதா’ கலை அங்கே வளர்ந்தது. மேடைக்கு வெளியிலும் பெண்ணைப் போலவே ஒழுகவேண்டும் என்று யோஷிசாவா அயாமே என்னும் நடிகர் அறிவுரை கூறினார். இன்னொரு செய்தி: சாமுராய் நெறியை உலகறியச் செய்த நிடோபேயின் நூல் 1900இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. வாள் தரிக்கும் உரிமையை அரசு பறித்ததோ 1876இல்! வாள் போன பின்புதான் அதன் பெருமை வெளிநாட்டார்க்கு விளங்கலாயிற்று.

நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். பழைய தென்னார்க்காட்டுத் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து துரியோதனன் ஆர்ப்பரிப்பான். துகிலுரியும் இரவிலோ ஊரே கைகூப்புவது சேலை கட்டிய ஆடவரை நோக்கித்தான். அங்கே சிரிப்பாரில்லை, கற்பூரம் ஏற்றுவர். சிவாஜி கணேசனும் இளமையில் சீதையாக நடித்தவரே. பின்னர் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்துப் பெரியாரிடம் ‘சிவாஜி’ என்ற பெயர் பெற்றார்.

வள்ளுவர் ‘பேராண்மை’ என்னும் சொல்லை ஈரிடத்து ஆள்கிறார். போர்க்களத்து அஞ்சாமை ஒன்று. பிறன் மனைவியை விரும்பி நோக்காத உறுதி மற்றொன்று. துச்சாதனனுக்கு முதலாவது இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது இருந்ததா?

இக்கேள்வி பழங்கதையன்று. பெண்மை சாயல் கொண்ட ஆடவரைத் திரையில் காட்டலாகாது என்று சீன அரசின் ஒலிபரப்புத் துறை 2021இல் ஆணையிட்டது. மெய் லான்ஃபாங் பிறந்த நாட்டில் இப்படி ஓர் ஆணை! எனக்கு இது நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தருகிறது.

என் மாணவன் அவ்வாண்டு வேடம் கட்டவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மறுவாரம் துணிப்பை ஒன்றைக் கொணர்ந்து வகுப்பின் நடுவே அவிழ்த்தான். உள்ளே அவன் பாட்டனாரின் சலங்கை இருந்தது. யாருடையது என்று தோழர்கள் கேட்டனர், அவன் சொன்னான்.