மிசோரமில் திருச்சபையும் வாக்குச்சாவடியும்

ஆள்வோரும் எதிர்ப்போரும் ஒரே மதத்தையும் ஒரே இனத்தையும் சேர்ந்தவர்களாக இருக்கும்போது வாக்கு எதைப் பொறுத்து விழுகிறது என்ற கேள்விக்கு, மிசோரம் மாநிலத்தின் தேர்தல்கள் நல்ல விடை தருகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். 1894இல் வந்த மிஷனரிகள் மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தை வகுத்துத் தந்தபின், தனித்தனிக் குலங்களாக வாழ்ந்த மலைமக்கள் தங்களை ஒரே இனமாக உணர்ந்ததில் திருச்சபைக்கும் அதன் பள்ளிக்கும் பெரும்பங்கு உண்டு.

ஆயினும் திருச்சபையின் கவனமெல்லாம், யாருக்கு வாக்களிப்பது என்பதைவிட எப்படி வாக்குக் கேட்பது என்பதிலேயே இருக்கிறது. திருச்சபைகளின் முன்முயற்சியால் 2006இல் உருவான மிசோரம் மக்கள் மன்றம் என்னும் தேர்தல் கண்காணிப்பு அமைப்பு, கட்சிகளோடு உடன்பாடு செய்துகொண்டு, பணத்தையும் விருந்தையும் ஆடம்பரப் பிரசாரத்தையும் தடுப்பதுடன், எதிரெதிர் வேட்பாளர்களை ஒரே மேடையில் ஏற்றி ஊரார்முன் பேசவும் வைக்கிறது. வேறெங்கும் எளிதில் காணமுடியாத, பாராட்டத்தக்க ஏற்பாடு இது. 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை நடப்பதாக இருந்த வாக்கு எண்ணிக்கை, ஆராதனை நாள் என்ற கோரிக்கையை ஏற்று மறுநாளுக்கு மாற்றப்பட்டது.

இனவுணர்வின் வேர் 1959இல் மூங்கில் பூத்ததைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் இருக்கிறது. அதிலிருந்து எழுந்த மிசோ தேசிய முன்னணி 1966இல் ஆயுதம் ஏந்தி, 1986இல் உடன்படிக்கை செய்து, தேர்தல் கட்சியானது. மியான்மரிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் தப்பிவந்த உறவினத்தாருக்கு அடைக்கலம் தந்த அதன் முதல்வர் சோரம்தங்காவே 2023இல் தம் தொகுதியில் தோற்றார். 40 இடங்களில் சோரம் மக்கள் இயக்கம் 27ஐ வென்றது. அகதிகள்மீதான பரிவு எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவாக இருந்ததால் அது எவருக்கும் தனிப்பலம் தரவில்லை. இஞ்சி, மஞ்சள், மிளகாய், துடைப்பப்புல் ஆகியவற்றை உறுதியான விலைக்குக் கொள்முதல் செய்வதாகச் சொன்ன புதிய கட்சியின் பக்கம் மக்கள் சாய்ந்தார்கள்.

பொது விசுவாசத்தின் எல்லை எதுவென்பது புரூ மக்கள் விஷயத்தில்தான் தெரிகிறது. 1997இல் இனமோதலுக்கு அஞ்சித் திரிபுராவுக்கு ஓடிய இச்சிறுபான்மையினரில் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தபோதிலும், 2018 தேர்தலில் அவர்கள் அங்குள்ள தங்கள் முகாமிலிருந்தே வாக்களிப்பதை மிசோ குடிமைச் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன; மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியே மாற்றப்பட்டார்; வாக்குச்சாவடிகள் மிசோரம் எல்லைக்குள் கான்முன் என்னும் ஊரில் அமைக்கப்பட்டன. ஒரே வேதத்தை ஓதுவோரிடையே விழுந்த இப்பிளவு வேதனைக்குரியது. 2020 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அம்மக்கள் திரிபுராவிலேயே நிலையாகக் குடியேறும் உரிமையையும், அம்மாநில வாக்காளர் பட்டியலில் இடத்தையும் பெற்றார்கள்.