வீரியம் இழந்த வைரஸ் காக்குமா?

பிறந்து மூன்று நாளான பன்றிக்குட்டி, குடித்த பாலைக் கக்குகிறது. சில மணி நேரத்தில் தண்ணீர் தண்ணீராகக் கழிச்சல். செரிக்காத பால் அதில் திரிதிரியாகக் கிடக்கிறது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாயின் வயிற்றில் ஒண்டிக்கொள்கின்றன. உடம்பில் நீர் வற்றி, மூன்று நான்கு நாளில் ஓர் ஈற்றே முழுதாகப் போய்விடுவதும் உண்டு. 2013இல் அமெரிக்கப் பண்ணைகளுக்குள் நுழைந்து, ஏறத்தாழ ஓராண்டில் சுமார் 70 லட்சம் குட்டிகளைக் கொன்ற நோய் இது. காரணம், பி.இ.டி.வி. எனப்படும் பன்றிக் கொள்ளைக் கழிச்சல் வைரஸ். கோவிட் வைரஸின் தூரத்து உறவான கொரோனா வைரஸ்தான் இதுவும். மனிதரை இது தொற்றுவதில்லை.

இதே வைரஸைத் தென்கொரியாவில் தடுப்பு மருந்தாகத் தாய்ப்பன்றிகளுக்கு வாய்வழி கொடுக்கிறார்கள்.

டி.ஆர்.13 என்ற அந்தத் திரிபும் பண்ணையில் குட்டிகளை வாட்டிய வைரஸ்தான். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் அதை வளர்த்தார்கள். வளர்ந்ததை எடுத்துப் புதிய செல்களில் விட்டார்கள். இப்படியே 100 முறை. குரங்கு செல்லில் வாழப் பழகப் பழக, பன்றிக் குடலைத் தாக்கும் வீரியம் குறைந்துபோனது. 2004இல் அதற்கு உரிமம் கிடைத்தது.

வீரியமான திரிபுக்கும் வீரியம் இழந்த திரிபுக்கும் உள்ள வேறுபாட்டைக் குடலிலேயே பார்க்கலாம். சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தான் பாலை உறிஞ்சுகின்றன. வீரியமான திரிபு அவற்றின் மேல்தோல் செல்களைக் கூட்டமாக அழிக்க, உறிஞ்சிகள் தேய்ந்து கட்டையாகின்றன. பால்குடி மறந்த பன்றியில் அந்தச் செல்கள் இரண்டு மூன்று நாளில் புதிதாக முளைத்துவிடும். பச்சிளங்குட்டிக்கோ அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதுவரை உயிர் தாங்குவதில்லை. வீரியம் இழந்த திரிபு குடலில் குறைவாகவே பெருகுகிறது. உறிஞ்சிகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

மரபணுவில் தேடினால் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. சுமார் 28,000 எழுத்துகள் கொண்டது இதன் மரபுத் தொகுதி. பழக்கப்படுத்திய டி.ஆர்.13இல் ஓ.ஆர்.எஃப்.3 என்ற மரபணுவிலிருந்து 51 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. வீரியத்தின் இருப்பிடம் அதுதான் என்ற எண்ணம் வலுத்தது. ஆனால் அமெரிக்கத் திரிபு ஒன்றில் ஆய்வாளர்கள் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, குட்டிகளுக்குக் கழிச்சல் நிற்கவில்லை.

அடுத்த சந்தேகம் செல்லைப் பற்றிக்கொள்ளும் ஸ்பைக் புரதத்தின் மேல் விழுந்தது. அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. அந்தப் புரதத்தின் முன்பகுதியில் 197 அமினோ அமிலங்களை நீக்கியதும் கொடிய அமெரிக்கத் திரிபின் நோய் வெகுவாகத் தணிந்தது. 2014 ஜனவரியில் ஒஹையோவில் கண்டறியப்பட்ட இன்னொரு திரிபிலும் ஸ்பைக்கில் சிறு மாற்றங்கள் இருந்தன. அது குட்டிகளை அதிகம் கொல்லவில்லை. ஆனால் சீன ஆய்வாளர்கள் கொடிய திரிபின் ஸ்பைக்கை மட்டும் சாதுவான திரிபில் பொருத்தியபோது, அது முழு வீரியம் பெறவில்லை. ஸ்பைக் இல்லாமல் வீரியம் இல்லை. ஸ்பைக் மட்டும் போதவும் போதாது.

ஆய்வகம் பாடுபட்டுச் செய்ததை இயற்கை ஒருமுறை தானாகவே செய்திருக்கிறது. 1946இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட டி.ஜி.இ. என்ற வைரஸும் இதேபோல் குட்டிகளின் குடலை அழிப்பது. அதன் ஸ்பைக் மரபணுவில் 600க்கும் மேற்பட்ட எழுத்துகள் உதிர்ந்துபோன ஓர் உருவம் 1984இல் பெல்ஜியத்தில் தென்பட்டது. குடலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, அது நுரையீரலில் குடியேறியிருந்தது. பல பன்றிகள் நோயின் அறிகுறியே காட்டவில்லை. காற்றில் பண்ணைக்குப் பண்ணை பரவிய அது, போகிற வழியில் டி.ஜி.இ.க்கும் ஓரளவு எதிர்ப்பாற்றலைக் கொடுத்தது. ஐரோப்பாவில் டி.ஜி.இ. அருகிப்போனது. கால்நடை மருத்துவத்தில் இத்தனை பெரிய இலவச உதவி வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

அதை நம்பி பி.இ.டி.வி.க்கும் காத்திருக்க முடியாது. பன்றியின் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கு எதிர்ப்புப் புரதங்கள் போவதில்லை. குட்டிக்குக் காப்பு சீம்பாலும் பாலும் மட்டுமே. பாலில் அந்தப் புரதம் போதிய அளவு ஊற வேண்டுமானால், தாயின் குடல் முதலில் வைரஸைச் சந்தித்திருக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். அளவுக்கு மீறி வீரியம் குறைந்த வைரஸ் குடலில் ஊன்றாது. பாலுக்கும் பயன் சேராது. வீரியம் மிஞ்சியிருந்தால் குட்டிக்கே வினையாகும். உயிருள்ள தடுப்பு வைரஸ் பண்ணையில் சுற்றும் வைரஸோடு மரபணுவை மாற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. டி.ஜி.இ. உடலில் பி.இ.டி.வி. ஸ்பைக் ஏறிய கலப்பு வைரஸ் இத்தாலியப் பன்றிகளில் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கிறது.

அதனால்தான், செத்த குட்டிகளின் குடலை அரைத்துச் சினைப்பன்றிகளுக்குத் தீவனத்தோடு ஊட்டும் முறையைப் பல பண்ணைகள் கைக்கொண்டன. வேறு நோய்களையும் சேர்த்துப் பரப்பக்கூடிய முறை அது. ஒரே ஒரு மரபணுவில் கைவைத்து உருவாக்கும் திரிபு அந்த முறைக்கு மாற்றாகாது. ஸ்பைக்கிலும் அதற்கு வெளியிலுமாகப் பல இடங்களில் பலவீனப்படுத்தி, மீண்டும் வீரியம் பெற முடியாதபடி செய்த திரிபுதான் பண்ணைகளுக்குத் தேவை.